ஆறு பல் நண்டு

நண்டின் முகத்தைப் பார்த்து அது இன்ன நண்டு என்று சொல்லிவிட முடியாது. ஓட்டின் விளிம்பில், கண்ணுக்கு வெளிப்பக்கம் உள்ள பற்களை எண்ண வேண்டும். கவிழ்த்துப் போட்டு வயிற்று மடிப்பையும் பார்க்க வேண்டும். குறுகலாக இருந்தால் ஆண், அகலமாக இருந்தால் பெண். கழிமுகத்து நண்டுகளைக் கணக்கெடுக்கும் குழுவில் எனக்கு அதுதான் வேலை. திருத்தணியில் முதல் ரயிலைப் பிடித்துப் போய், முழங்கால் சேற்றில் நிற்பேன். "டிகிரி படிச்சிட்டு நண்டு புடிக்கப் போறியே நைனா" என்று தெருவில் கேலி செய்வார்கள்.

இனம் தெரியாத நண்டு கிடைத்தால் ஸ்பிரிட் பாட்டிலில் போட்டு அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும்.

அந்த ஆடியில் நான் மாலை போட்டிருந்தேன். மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். கல்லீரல் கெட்டுவிட்டது, காரணம் பிடிபடவில்லை என்றார்கள். அவள் பிழைக்கக் கிருத்திகைக்குக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டேன். மாலை கழுத்தில் இருக்கும்வரை எந்த உயிரையும் கொல்லக் கூடாது.

சனியன், அந்த வாரம் பார்த்துத்தான் அது கையில் சிக்கியது. சதுர ஓடு, ஆறு பல். கையேட்டில் எந்தப் படத்தோடும் ஒத்துவரவில்லை. பெண் நண்டு, மடிப்புக்குள் முட்டை வேறு. பாட்டிலைத் திறந்தேன், மனசு வரவில்லை. சேற்றில் விட்டேன். படம் பிடிக்கப் போனை எடுப்பதற்குள் வளைக்குள் ஓடிவிட்டது. விட்டதாகச் சொன்னால் வேலைக்கு ஆபத்து என்று, எங்கும் கிடைக்கும் ஒரு நண்டின் பெயரைப் படிவத்தில் எழுதிவைத்தேன்.

என் படிவங்களைச் சரிபார்ப்பது எப்போதும் மனைவிதான். அன்றும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்தபடி வாங்கிப் பார்த்தாள். நடந்ததைச் சொன்னேன்.

"உசுர உட்டீங்க, சரி. பொய்ய எதுக்கு எழுதுனீங்க? தெரியலன்னா தெரியலன்னு எழுதறதுக்கு இன்னா?"

"வேல பூடும்."

"போனா போவுது. பேனா குடுங்க."

நான் எழுதியதை அடித்துவிட்டு, பக்கத்தில் 'தெரியவில்லை' என்று எழுதினாள். கடைசி எழுத்து கட்டத்தைத் தாண்டிப் போனது.

கிருத்திகைக்கு நாலு நாள் முன்பு போய்விட்டாள். தீட்டு என்பதால் மலையேறவில்லை. காவடி மூலையில் கிடந்தது. முருகன்மேல் எனக்கு இன்னும் கோபம்தான்.

வேலை போகவில்லை. அடித்தல் திருத்தல் இல்லாமல் வேறு படிவம் எழுதித் தரச் சொன்னார் மேலதிகாரி. அந்தக் கட்டத்தில் அவள் எழுதியதையே எழுதிக் கொடுத்தேன். பழைய தாளை நான் வைத்துக்கொண்டேன், அவள் கையால் எழுதிய கடைசிச் சொல் அதில்தான் இருக்கிறது. அவள் ஏன் செத்தாள் என்று இன்றும் யாராவது கேட்கிறார்கள். வாயில் வந்ததைச் சொல்லிச் சமாளிக்க மனம் வருவதில்லை. தெரியவில்லை என்றுதான் சொல்கிறேன்.