நாற்பத்தாறு கிலோ அறிவுமதி

அறிவுமதியைப் பற்றிப் பேச என்னைவிட அருகதை இல்லாதவள் இந்தத் திருவண்ணாமலையில் கிடையாது. ஆனால் வேறு யாரும் பேசப்போவதில்லை. அவள் படம் பேப்பரில் வந்ததில்லை, அவள் பெயர் பொறித்த கோப்பை எந்த பீரோவிலும் இல்லை. அதனால் நானே சொல்கிறேன். நடுவில் என்னைத் திட்டத் தோன்றினால் தாராளமாகத் திட்டிக்கொள்ளுங்கள்.

அடி அண்ணாமலைக் காசியின் மூத்த மகள் அவள். காசிக்கு, மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை போட்ட அரை ஏக்கர் கொல்லையும் மூன்று பெண்களும். அம்மா எல்லம்மாள் ரமணாசிரமம் பக்கம் வெள்ளைக்காரர்கள் தங்கும் அறைகளைப் பெருக்கித் துடைக்கப் போவார். நான் வினோதினி, டவுன்காரி. அப்பாவுக்குப் பாத்திரக்கடையில் வேலை. அரசுப் பள்ளி ஒன்றில் பதினொன்றாம் வகுப்பில் நாங்கள் இருவரும் ஒரே பெஞ்சு, மல்யுத்தத்தில் ஒரே எடை, நாற்பத்தாறு கிலோ. வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

பள்ளியில் மல்யுத்த மேட் கிடையாது. நீளம் தாண்டும் மணல்குழியில் தார்ப்பாயை விரித்துப் பழகினோம். அந்த ஒரு வருடத்தில் அவள் என்னைத் தூக்கிப் போட்டது எத்தனை தடவை என்று கேட்காதீர்கள். முழங்கை இரண்டும் தோலுரிந்து, பாவாடையில் ரத்தக்கறை படிந்து, வீட்டில் அம்மாவிடம் தனியாக வாங்கிக் கட்டிக்கொள்வேன். ஒவ்வொரு தடவையும் என்னைக் கீழே போட்ட கையாலேயே தூக்கி நிறுத்தி, "வலிக்குதாடி?" என்று கேட்பாள். கேட்காமல் இருந்திருந்தால்கூட அவளை எனக்குப் பிடித்திருக்கும். அந்தக் கேள்விதான் என் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது.

மாவட்டப் போட்டியில் எங்கள் எடைக்கு வந்த பெண்களே மூன்று பேர்தான். ஒரே பள்ளியிலிருந்து இரண்டு பேர் இறங்கியதை யாரும் கேட்கவில்லை. ஃபைனலில் என்னை ஒரு நிமிடத்துக்குள் மல்லாத்தினாள். அவள் முதல், நான் இரண்டாவது. முதல் வந்தவள் மாநிலப் போட்டிக்கு சேலம் போவாள். அவளால் போக முடியாவிட்டால் மட்டும் இரண்டாவது வந்தவள் போகலாம்.

மறுநாள் காசி கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கிரவுண்டுக்கே வந்துவிட்டார். பி.டி. வாத்தியார் முருகவேல் சாரிடம், "ஸ்டேட்ல மெடல் அடிச்சா மெட்ராஸ் ஹாஸ்டல்ல சேத்துக்கினு சோறு போட்டுப் படிக்க வப்பாங்கனு சொன்னீங்களாம். அப்படி சேத்துக்கினா படிக்கட்டும் சார். இல்லனா சேலத்துல இருந்து வந்த மறுநாளே செய்யாறு ஷூ கம்பெனி வேன்ல ஏத்திடுவேன். எனக்கு இன்னும் ரெண்டு பொட்டப்புள்ளங்க கீதுங்க" என்றார். அறிவுமதி மணல்குழி ஓரமாகத் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். ஆக அவளுக்கு மெடல் என்றால் படிப்பு, இல்லை என்றால் வேன். எனக்கும் ஒரு கணக்கு இருந்தது. மாநிலப் போட்டிக்குப் போய்வந்தாலே சர்ட்டிபிகேட், சர்ட்டிபிகேட் இருந்தால் காலேஜில் ஸ்போர்ட்ஸ் கோட்டா. ஜெயிக்கவேண்டிய அவசியம்கூட எனக்கு இல்லை, போனால் போதும்.

மாவட்டத்துக்கும் மாநிலத்துக்கும் இடையில் மூன்று மாதம். அதற்குள் அந்தப் பாழாய்ப்போன உடம்பு வளர்ந்துவிட்டது. பதினாறு வயதுப் பெண் வளராமல் என்ன செய்வாள்? பள்ளிக்கு எதிரே இருந்த மல்லாட்டை மண்டியில் மூட்டை நிறுக்கும் எலக்ட்ரானிக் தராசுதான் எங்களுக்கும் எடை பார்க்க. போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது அதில் ஏறினாள். நாற்பத்தெட்டு கிலோ முந்நூறு. மூட்டை தூக்குபவர்கள், "பாப்பா, சாக்கோட நிறுத்துட்டீங்களா?" என்று சிரித்தார்கள். நான் நாற்பத்தைந்தரை. மூக்கு முட்டச் சாப்பிட்டாலும் அவ்வளவுதான்.

அன்றிலிருந்து முருகவேல் சார் அவளைப் பிடித்துக்கொண்டார். சோறு நின்றது. காலையில் முட்டையின் வெள்ளைக்கரு, மத்தியானம் ஒரு வாழைப்பழம், ராத்திரிக்கு ஒன்றும் இல்லை. இரண்டு ஸ்வெட்டர், அதற்கு மேல் மழைக்கோட்டு, உச்சி வெயிலில் கிரவுண்டைச் சுற்றி முப்பது ரவுண்டு. வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போதும் வாயில் புளியை அடக்கிக்கொண்டு ஒரு டப்பாவில் எச்சில் துப்பவேண்டும். எச்சிலும் எடைதான் என்பார் சார். "ஒடம்பப் பாரு, அன்னதானத்துக்கு எறக்கன அரிசி மூட்டையாட்டம்" என்று அவர் சொன்னதும் கிரவுண்டே சிரித்தது. அதிகமாகச் சிரித்தவள் நான்.

ஒருநாள் காலை பிரேயரில் மயங்கி விழுந்தாள். சார் ஒரு சொம்புத் தண்ணீரை அவள் முகத்தில் அடித்துவிட்டு, "மூஞ்சத் தொடைடீ! நாக்குல பட்டுதுனா தோல உரிச்சிடுவேன்" என்று கத்தினார். அவள் நாக்கு வெளியே வந்து உதட்டோரம் நின்ற ஒரு சொட்டைத் தொடப் பார்த்து, உள்ளே போய்விட்டது. நான் பார்த்தேன். பாவம் என்று தோன்றியதா என்றால், தோன்றவில்லை. இன்னும் எவ்வளவு கிராம் ஜாஸ்தி என்றுதான் மனதுக்குள் கணக்குப் போட்டேன்.

பௌர்ணமி அன்று மத்தியானம் தராசு நாற்பத்தாறு கிலோ எழுநூறு காட்டியது. மறுநாள் காலை ஆறு மணிக்கு மண்டியில் கடைசி எடை, ஒன்பது மணிக்கு சேலம் பஸ். சார் தீர்மானமாகச் சொன்னார்: "காலைல நாப்பத்தாறு இருந்தா நீ பஸ் ஏறு. ஒரு கிராம் ஜாஸ்தினா வினோதினி ஏறுவா. அங்க போயி எடைல தோத்து என் மானத்த வாங்காத. இப்ப மலையச் சுத்தி ஓடு, எறங்கிடும்." பிறகு என்னைப் பார்த்து, "நீ கூடவே போ. சொட்டுத் தண்ணி வாயில வைக்காம பாத்துக்கோ" என்றார். என்னைக் காவலுக்கு அனுப்ப அவருக்கு எப்படித்தான் மனசு வந்ததோ. நாங்கள் கூட்டாளிகள் என்று நினைத்திருப்பார்.

பௌர்ணமியில் கிரிவலப் பாதையில் ஓடவா முடியும்? செங்கம் ரோட்டைப் பிடிப்பதற்குள்ளேயே ஜனம் நெருக்கியது. அவள் மழைக்கோட்டும் ஸ்வெட்டருமாகக் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓட, நான் பின்னாலேயே போனேன். வழி நெடுக அன்னதானப் பந்தல்கள். புளிசாதம், சாம்பார் சாதம், சுண்டல், மோர். ஒவ்வொரு பந்தலிலும் யாராவது கையை நீட்டி, "வாங்கிக்கோம்மா, சாமி பிரசாதம்" என்று மறிப்பார்கள். அவள் இரண்டு கையையும் கூப்பி, "வேணாங்க, வேணாங்க" என்று கும்பிட்டுக்கொண்டே ஓடினாள். பதினாலு கிலோமீட்டர் சோற்று வாசனை. அவள் ஊரான அடி அண்ணாமலையைத் தாண்டும்போது ஓட்டம் நின்று நடையாகிவிட்டது. உதடு வெடித்து வெள்ளையாக இருந்தது. ஆனால் வியர்வை கொட்டியது. எழுநூறு கிராம் இறங்கிவிடும் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

அங்கே ஒரு பந்தலில் ஜோதியம்மாள் என்ற பெரியம்மா சர்க்கரைப் பொங்கல் கொடுத்துக்கொண்டிருந்தார். வருஷா வருஷம் அந்த இடத்தில் நிற்பவர், முகம் எனக்குப் பழக்கம். நான் நேராக அவரிடம் போய், "அம்மா, இவ சாப்ட்டு ரெண்டு நாளாவுது. மயக்கமா வருதுனு சொல்றா" என்றேன்.

அவ்வளவுதான். "ஐயையோ, யாரு பெத்த புள்ளயோ!" என்று கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். பந்தலில் இருந்த நாலு பெண்களும் சேர்ந்து அவளைப் பிடித்து ஸ்டூலில் உட்காரவைத்தார்கள். மழைக்கோட்டைக் கழற்றினார்கள். அவள் "வேணாங்க, எனக்குப் போட்டி இருக்குது" என்று அழுதாள். "போட்டியாவது மண்ணாவது! அண்ணாமலையாரே குடுக்குறாரு, வேணாம்னு தள்ளலாமாடி?" என்று ஜோதியம்மாள் நெய் வடியும் பொங்கலைத் தொன்னையில் வைத்து அவள் கையில் திணித்தார். அறிவுமதி என்னைப் பார்த்தாள். நான் காவலுக்கு வந்தவள், நான் சொல்லவேண்டும். குனிந்து அவள் காதில், "பிரசாதம்டி. ஒரு வாய்ல இன்னா ஏறிடப்போவுது?" என்றேன்.

ஒரு வாய் எடுத்தாள். மூன்று வாரப் பசி ஒரு வாயோடு நிற்குமா? முதல் தொன்னையை வழித்து நக்கினாள். இரண்டாவதை அவளே கேட்டு வாங்கினாள். மூன்றாவதைச் சாப்பிடும்போது கண்ணில் தண்ணீர் ஓடியது, வாய் நிற்கவில்லை. "தண்ணி, தண்ணி" என்றாள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை, சார் எங்கள் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தது அது. நான்தான் பெரிய சொம்பில் மொண்டு வந்து, அவள் தலையைத் தாங்கிப் பிடித்துப் புகட்டினேன். ஜோதியம்மாள் என்னைப் பார்த்து, "கூடப் பொறந்தவகூட இப்படி பாக்கமாட்டா, நீ நல்லா இருப்பம்மா" என்று வாழ்த்தினார். அந்த வாழ்த்து எனக்குப் பலித்தது, அதுதான் கொடுமை.

சொம்பு காலியான பிறகுதான் அவளுக்கு உறைத்தது. "இன்னாடி பண்ணேன் நானு?" என்றாள். எழுந்து புளியமரத்துக்குப் பின்னால் போய்த் தொண்டைக்குள் விரலை விட்டாள். கொஞ்சம் வந்தது, அப்புறம் வெறும் குமட்டல். நான் முதுகைத் தடவிக்கொடுத்தேன். மீதி வழி முழுக்க அவள் ஓடினாள், நொண்டிக்கொண்டே ஓடினாள்.

காலை ஆறு மணிக்குத் தராசு நாற்பத்தேழு கிலோ நூற்றைம்பது காட்டியது. ஓடி வியர்த்தது, வாந்தியெடுத்தது எல்லாம் போக அவ்வளவு. செருப்பைக் கழற்றினாள், வளையலைக் கழற்றினாள், மறுபடி ஏறினாள். தராசு அசையவே இல்லை. முருகவேல் சார் மண்டிக்காரர்கள் முன்னாலேயே, "சோத்துக்கு அலையற நாயி! உங்கப்பன் சொன்னது சரி, உனக்கு வேன்தான்" என்று கத்தினார். பிறகு என் பக்கம் திரும்பினார். "இவ சாப்ட்டாளா? நீ இன்னா பண்ணிக்கினு இருந்த?"

"வேணாம்னு எவ்ளோ சொன்னேன் சார், கேக்கல" என்றேன். வாய் கூசவில்லை, குரல்கூட நடுங்கவில்லை.

அறிவுமதி என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ஆமா சார், நானேதான் சாப்ட்டேன்" என்றாள். பள்ளிக்கு இருந்தது ஒரே ஒரு ஜோடி மல்யுத்த ஷூ. பையிலிருந்து அதை எடுத்துத் தாவணியால் துடைத்து என் கையில் கொடுத்துவிட்டு, அடி அண்ணாமலைக்கு நடந்தே போனாள். அவள் முதுகு மறைவதற்குள் நான் பஸ்ஸில் ஜன்னலோர சீட்டைப் பற்றி யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

சேலத்தில் முதல் ஆட்டத்திலேயே நான் தோற்றேன். முப்பத்தெட்டு வினாடி. என்னைத் தோற்கடித்த பெண் வெள்ளி வாங்கினாள். அவளை அறிவுமதி என்றால் தட்டாமாலை சுற்றி வீசியிருப்பாள் என்று மேட் மேல் மல்லாந்து கிடந்தபோதே எனக்குத் தெரியும். ஆனாலும் சர்ட்டிபிகேட் கிடைத்தது. காலேஜ் சீட் கிடைத்தது, பி.பி.எட். முடித்தேன். இப்போது இதே ஊரில் ஓர் அரசுப் பள்ளியில் பகுதி நேர உடற்கல்வி ஆசிரியை. காசி சொன்ன சொல் தவறவில்லை. அந்த வாரமே அவளை வேனில் ஏற்றிவிட்டார். ஐந்து வருடம் ஷூ கம்பெனியில் பசை தடவினாள். பிறகு கல்யாணம். கட்டினவன் குடித்துவிட்டு அடிப்பான் என்று கேள்விப்பட்டேன். அவள் நினைத்தால் அவனை ஒரே தூக்கில் மல்லாத்தலாம். ஏன் செய்யவில்லை என்று எனக்கு இன்றுவரை கோபம். இப்போது அவள் அம்மா போன அதே அறைகளுக்கு அவள் போகிறாள், பெருக்கித் துடைக்க.

போன மாதம் என் பிள்ளைகளை மாநிலப் போட்டிக்குத் தயார் செய்துகொண்டிருந்தேன். நானும் முருகவேல் சார் மாதிரிதான். சோற்றை நிறுத்துகிறேன், வெயிலில் ஓடவிடுகிறேன், வாய்க்கு வந்தபடி திட்டுகிறேன். மெடல் வந்தால்தான் என் வேலை நிரந்தரமாகும், வேறு என்ன செய்ய? அப்போது கேட்டில் அறிவுமதி நின்றாள். பதினெட்டு வருடம் கழித்துப் பார்க்கிறேன். பக்கத்தில் ஆறாம் வகுப்பு படிக்கும் அவள் மகள் ரேவதி.

"இவளுக்குக் குஸ்தி கத்துக்கணுமாம்டி. வேற ஸ்கூல்ல கேட்டாங்க, நான் விடல. உன்கிட்டதான் விடுவேன்" என்றாள்.

"அன்னிக்கு பௌர்ணமில..." என்று ஆரம்பித்தேன். எப்படியாவது சொல்லிவிட்டு அவள் கையால் ஓர் அறை வாங்கிக்கொள்ளலாம் என்று நிஜமாகவே நினைத்தேன்.

அவள் விடவில்லை. "அதத்தான்டி நானும் சொல்ல வந்தேன். அப்பா, சார், ஊரு எல்லாரும் என்னக் காயப்போட்டாங்க. எனக்காக, இவளுக்குப் பசிக்குதுனு வாயத் தொறந்து சொன்னவ நீ ஒருத்திதான். சார் முன்னாடி மாத்திச் சொன்ன, பரவால்ல, பயம். அந்தப் பொங்கல் மாரி நான் இன்னும் சாப்டலடி. உன்கிட்ட விட்டா எம்புள்ள பட்டினி கெடக்காதுனு எனக்குத் தெரியும்."

அவள் கண் கலங்கியிருந்தது. நான் அவளைப் பார்க்க முடியாமல் அந்தப் பிள்ளையைப் பார்த்தேன். அகலத் தோள், கெட்டி இடுப்பு, அப்படியே அவள் அம்மா. இரண்டே வருடத்தில் இவள் மெடல் அடிப்பாள். உண்மையைச் சொன்னால் இவளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள்.

"விட்டுட்டுப் போடி, நான் பாத்துக்குறேன்" என்றேன்.