திடுக்கிட வைத்த தபால் கார்டு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் ஏலப்பாறைக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருந்தேன். வயது இருபத்திரண்டு. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் குடியிருந்த பெண்களுக்கு ஊருக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பதும் நான்தான். அங்கே எழுதப் படிக்கத் தெரிந்த ஒரே பெண் என்பதால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்திக்கு அந்த மழைக்காலத்தில் ஆண் குழந்தை பிறந்தது. அதற்கு முன் இரண்டு பிள்ளைகள் தங்காமல் போயிருந்தன. மலைக்குக் கீழே, கம்பத்துப் பக்கம் ஒரு கிராமத்தில் அவளுடைய அம்மா தனியாக இருந்தார். பத்து நாள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தாள். "அம்மா வந்து பிள்ளையக் குளிப்பாட்டிக் குடுக்கணும்னு எழுதுங்க டீச்சரம்மா" என்றாள். நல்ல சேதியாயிற்றே, கார்டின் மூலையில் தடவ மஞ்சளும் குழைத்துக் கொண்டு வந்திருந்தாள்.

எழுதி முடித்து நிமிர்ந்தபோது என் கை பட்டு மைக்கூடு சாய்ந்தது. கார்டின் ஒரு மூலை கறுத்துப்போயிற்று. சாவுச் சேதி சொல்லும் கார்டுக்குத்தான் மூலையில் கறுப்புத் தடவுவார்கள். அது எனக்கும் தெரியும். அவள் முகம் மாறிவிட்டது. "இது வேணாம் டீச்சரம்மா, வேற கார்டு வாங்கிட்டு வாரேன்" என்று எழுந்தாள்.

எனக்கு மறுபடியும் எழுதச் சோம்பல். உள்ளதைச் சொல்லியிருக்கலாம். அதை விட்டுவிட்டு, நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள், இதையெல்லாம் பார்க்க மாட்டோம், எழுதியிருப்பதுதான் முக்கியம் என்று ஒரு பிரசங்கமே செய்தேன். டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவளும் வாயை மூடிக்கொண்டாள். கார்டு அப்படியே தபாலில் போயிற்று.

ஒரு வாரம் கழிந்திருக்கும். நடுப்பகலில் லயத்துப் பக்கம் ஒப்பாரிச் சத்தம் கேட்டு ஓடினேன். அவளுடைய அம்மா மார்பில் அடித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார். சத்தம் கேட்டு அவள் பிள்ளையோடு வெளியே வந்தாள். மகளைக் கண்டதும் அந்த அம்மாவின் குரல் அப்படியே நின்றுவிட்டது. சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். கையிலிருந்த துணிப்பையிலிருந்து ஒரு புதுச்சேலை சரிந்து விழுந்தது. பிறந்த வீட்டுக் கோடி. மகளின் முகத்தைப் பார்க்கக் கிடைக்காவிட்டாலும் புதைத்த இடத்திலாவது அதைப் போர்த்திவிட்டுப் போகலாம் என்று கொண்டு வந்திருக்கிறார்.

தபால்காரர் கார்டை நீட்டியதும் அந்த அம்மா கறுப்பைத்தான் பார்த்திருக்கிறார். அவரைப் படிக்கவே விடாமல் பிடுங்கிக் கிழித்துப் போட்டிருக்கிறார். "கறுப்பைப் பாத்ததும் திடுக்குன்னு ஆயிருச்சு தாயி. பெறகு எப்படி மலையேறுனேன்னே தெரியல" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நான் யாரென்றே அவருக்குத் தெரியாது.

மகள் என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். "தபால் பையில மை கொட்டியிருக்கும்மா. டீச்சரம்மா நல்லாத்தான் எழுதிக் குடுத்தாக" என்றாள்.

அப்போதே காலில் விழுந்திருக்க வேண்டும். நான் ஆமென்று தலையாட்டினேன்.

அந்த அம்மா ஒரு மாதம் தங்கினார். ஒரு நாள்கூடப் பேரனைக் குளிப்பாட்டவில்லை. கைநடுக்கம் நிற்கவே இல்லை. பிள்ளை நழுவிவிடுமோ என்று தொடவே பயந்தார். பக்கத்து வீட்டுப் பெண்தான் காலை நீட்டிப் போட்டுப் பிள்ளையைக் குளிப்பாட்டினாள். இவர் கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். தினமும் அந்த வழியாகத்தான் நான் பள்ளிக்கூடம் போனேன். தினமும் இன்று சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். சொல்லாமலே அவரைக் கீழே அனுப்பிவிட்டேன். அவர் மறுபடி மலையேறவில்லை. இரண்டு வருடத்தில் போய்விட்டார்.

அதன் பிறகும் வகுப்பில், திடுக்கிடுதல் என்றால் திடீரென்று வருகிற பயம் என்று எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதிப் போட்டேன். வந்த பயம் சில பேரை விட்டுப் போவதே இல்லை என்பதை மட்டும் எந்தப் பிள்ளைக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. சொன்னால், அந்த அம்மாவைப் பயமுறுத்தியது யார் என்றும் சொல்ல வேண்டியிருக்குமே.