மகனுக்கு வைத்த கோப்பை

மா ஜோங்குவின் செலவு நோட்டிலிருந்து:
1986 ஆகஸ்ட் 23: கணவாய் மீன், வெங்காயத்தாள், அரிசிக் கள் – 4,300 வோன்.
1986 ஆகஸ்ட் 24: ஆஸ்பத்திரிக்கு – 41,000 வோன்.

மோக்போ துறைமுகத்தில் வலை பின்னும் மா ஜோங்கு, சனிக்கிழமை மாலைகளில் கணவாயும் வெங்காயத்தாளும் போட்டு அடை சுட்டு நண்பர்களோடு சாப்பிடுவார். அந்தச் சனிக்கிழமை, புயல் அடித்து நான்கு நாளாகியும் மகன் போன படகு திரும்பவில்லை. வந்ததும் குடிக்கட்டும் என்று மகனுக்குப் பாதிக் கோப்பை கள் ஊற்றி வைத்திருந்தார்.

“அடை கருகுதுடா! கண்ணு கடல்லயே இருந்தா கை என்னத்தச் சுடும்?” என்று சிரித்த நண்பர் தாக் சுன்ஹோ, போதையில் அந்தக் கோப்பையை எடுத்து மேலும் ஊற்றினார். அந்த ஊர் வழக்கப்படி, காலியாகாத கோப்பையில் ஊற்றுவது செத்தவர்களுக்குப் படைக்கும்போது மட்டும்தான்.

“எம் புள்ளைக்குத் திதி குடுக்கிறியாடா, நாயே!”

ஜோங்கு கொதிக்கும் எண்ணெய்ச் சட்டியால் சுன்ஹோவின் முகத்தில் அறைந்தார். இடது காது வெந்து தோல் உரிந்தது. அலறியபடியே சுன்ஹோ உடைந்த கோப்பையால் ஜோங்குவின் தோளைக் கிழித்தார். கீழே விழுந்த சுன்ஹோவின் விலாவில் ஜோங்கு மிதித்துக்கொண்டே இருந்தார். அக்கம்பக்கத்தார் வந்துதான் இழுத்துப் பிரித்தார்கள்.

மறுநாள் காலை மகன் உயிரோடு வந்து நின்றான். ஆஸ்பத்திரிக்கு ஓடிய ஜோங்குவின் முகத்தில் சுன்ஹோ துப்பினார். பிறகு பூசானுக்குக் குடிபோய்விட்டார். ஜோங்கு ஆண்டுதோறும் மன்னிப்புக் கேட்டு எழுதினார். பதிலுக்கு வசவுதான் வந்தது.

சுன்ஹோவிடமிருந்து கடைசியாக வந்த கடிதத்தில் மட்டும் வசவு இல்லை: “சனிக்கிழமை நேர்லயே வர்றேன். அடை சுடு. என் கோப்பையக் காலியா வைடா.”

ஐந்து வருஷம் கழித்து அது வந்து சேர்ந்த தேதி 1991 அக்டோபர் 10, வியாழக்கிழமை.