நூற்றுப் பதினேழு நாள் கவுன்சிலர்

சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் சண்முகையா கையைத் தூக்கினால் அத்தனை பேரும் வாயை மூடுவார்கள். சும்மா வந்த மரியாதை இல்லை. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, சைக்கிளில் பூக்கூடை கட்டி வந்து, சொந்தமாகக் கமிஷன் கடை போட்ட மனிதர். டிகிரி படித்தவர்கள் மூன்று பேர் இன்றைக்கும் அவரிடம்தான் சம்பளம் வாங்குகிறார்கள்.

அவர் குடியிருக்கும் பேரூராட்சியில் வார்டு கவுன்சிலர் சவூதியில் வேலை கிடைத்துப் போய்விட, இடைத்தேர்தல் வந்தது. தெருவுக்குத் தண்ணீர்த் தொட்டி கொண்டுவருவதாக, அதே தெருவில் இருக்கும் பாலம்மாள் வீட்டு வாசலில் நின்று வாக்குக் கொடுத்தார் சண்முகையா. ஐந்து ஓட்டில் ஜெயித்தார். ஐந்தானால் என்ன, ஜெயிப்பு ஜெயிப்புதானே? மிச்சம் இருந்த பதவிக்காலம் நூற்றுப் பதினேழு நாள்.

முதல் கூட்டத்தில் தலைவர் தீர்மானங்களை வாசித்துக்கொண்டே போனார். பதினான்காவது, இவர் தெருவுக்கு வரவேண்டிய தொட்டியைப் பக்கத்து வார்டுக்கு மாற்றுவது. ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார் தலைவர். சண்முகையாவுக்கு ரத்தம் கொதித்தது. ‘நிறுத்து, நான் பேசணும்’ என்று மார்க்கெட்டில் தூக்குவது போலவே கையை உயர்த்தினார். சபை அமைதியானது. தூக்கிய கைகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். சரிபாதியாக நின்ற தீர்மானம் இவர் ஒரு கையால் நிறைவேறியது.

அவர் பேச எழுந்ததும் கிளார்க் பேச்சிராஜ் காதோரம் வந்தார்.

“அண்ணாச்சி, ஆதரவுன்னு எழுதியாச்சு. இப்ப என்னத்தப் பேசப் போறிய?”

விஷயம் இவருக்கு முன்னால் தெருவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. பெண்கள் காலிக் குடங்களை அவர் வாசலில் வரிசையாக வைத்துவிட்டுப் போனார்கள். அதன்பிறகு மனு மேல் மனு எழுதவைத்து, ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார். அதிலேயே நூற்றுப் பதினேழு நாளும் தீர்ந்தது.

கொடுத்த வாக்கை விட்டுவிடுகிற ஆளா அவர்? பதவி போன மறுவாரமே தன் சொந்த மனையில் போர்வெல் போட்டு, மதிலுக்கு வெளியே மூன்று குழாய் வைத்தார். ‘முன்னாள் கவுன்சிலர்’ என்று கல்லும் பதித்தார். இனிப்பான தண்ணீர்.

அடுத்த தேர்தல் வந்தது. குழாயடிக்கே போய்ப் பாலம்மாளிடம் ஓட்டுக் கேட்டார்.

“தண்ணிதான் வந்துட்டுல்லா அண்ணாச்சி,” என்றாள் அவள். “இனி நீங்க அங்கன போய் என்ன செய்யப் போறிய? ரோடு போடுதேன்னு ஒருத்தன் சொல்லுதான். அவனுக்குப் போடுதோம்.”

சண்முகையா நிறைந்து வழிந்த குடத்தைத் தூக்கி அவள் இடுப்பில் வைத்துவிட்டார்.