பொட்டுக்குப் பின்னால் இருந்த காகிதம்

நான் மெக்கானிக்காக இருந்த விமானத்தைச் செய்தவன் குளிர்தேசத்துக்காரன். ஓட்டுகிறவரின் கால் விறைத்துவிடக் கூடாதென்று எஞ்சினின் புகைக்குழாயைச் சுற்றி ஒரு தகரக் கூடு கட்டி, அந்தச் சூட்டை உள்ளே கொண்டுவர ஒரு துவாரமும் வைத்திருந்தான். ஆவடி வெயிலில் அதனால் யாருக்கு என்ன லாபம்? மூடி போட்டு அடைத்து வைத்தோம். அடைத்த மூடி முழுதாக அடைக்கவில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது.

முதலாளி பூந்தமல்லியில் தோல் வியாபாரம் செய்த முஸ்லிம் குடும்பத்தில் மூத்தவர். நாற்பது வயது ஆகவில்லை. பட்டணத்தில் வெள்ளைக்காரர்களோடு பறக்கக் கற்று, மேலே மூடி வைத்த ஒரு சின்ன விமானத்தை வாங்கி, ஆவடிக்கு மேற்கே ஒரு மேய்ச்சல் பொட்டலில் தகரக் கொட்டகை போட்டு நிறுத்தியிருந்தார். யுத்தம் வருவதற்கு முந்தைய காலம் அது. கார் எஞ்சின் மட்டும் அறிந்திருந்த என்னை அவர்தான் பட்டணத்துக்கு அனுப்பி விமான வேலை பழக வைத்தார். கள்ளிக்குப்பத்திலிருந்து தினமும் சைக்கிளில் போவேன். அப்போது என் தலைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல. ஆவடி வட்டாரத்தில் விமானம் தொட்டவன் நான் ஒருவன்தானே.

ஒரு நாள் இறங்கி வந்தவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாபா இது, தல பாறாங்கல்லா கீது. போன வாரமும் இப்டித்தான்."

வெயில் என்றேன். மறுவாரமும் அதையே சொன்னபோது, எஞ்சினை ஓடவிட்டு, விமானத்தின் மேல் மூடியைச் சாத்திக்கொண்டு நானே உள்ளே உட்கார்ந்தேன். அரை மணியில் கீழே இறங்கி வாந்தி எடுத்தேன். புகைக்குழாயில் மயிரிழை விரிசல். அதிலிருந்து கசியும் வாயுவுக்கு நிறம் கிடையாது, தனியாக நாற்றமும் கிடையாது. ஆளைத் தூங்க வைத்துக் கொல்லும். விரிசலைப் பற்றவைத்தோம், வேறோர் இடத்தில் விட்டது. புதுக் குழாய் கப்பலில் வர வேண்டும். அதுவரை பறக்காமல் இருங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்கிற ஆள் இல்லை. கசிந்தால் தெரிந்துகொள்ள ஒரு வழி பண்ணு, தெரிந்ததும் இறங்கிவிடுகிறேன் என்றார்.

கோலார் சுரங்கத்தில் வேலை பார்த்துத் திரும்பிய ஒருவர், அங்கே ஆழத்துக்குக் குருவி கொண்டுபோவார்கள், கெட்ட காற்று பட்டால் ஆளுக்கு முந்தி அது விழுந்துவிடும் என்று எனக்குச் சொல்லியிருந்தார். குருவிக்காரரிடம் ஒரு சில்லைக் குருவியை வாங்கி, கூண்டோடு முதலாளியின் முழங்காலுக்குப் பக்கத்தில் கட்டினேன். சக்கரம் தரையை விட்டுக் கிளம்பும் முன்பே குருவி மல்லாந்துவிட்டது. இறக்கி வைத்தால் எழுந்து தினை கொத்தியது. மறுநாளும் அதே கதை. பயத்தில் விழுந்ததா, வாயு பட்டு விழுந்ததா என்று யார் சொல்வது? மூன்றாம் நாள் முதலாளியே கூண்டைத் திறந்துவிட்டார்.

"பயப்படாத ஒண்ணா பாருபா" என்றார்.

அப்படி வந்ததுதான் காகிதப் பெட்டி. அவருக்குத் தெரிந்த ரசாயன வாத்தியார் ஒருவர் ஏதோ உப்பில் காகிதத்தைத் தோய்த்துக் கொடுத்தார். அந்த வாயு பட்டால் வெளுப்பான காகிதம் கறுக்கும். மூக்குப்பொடி டப்பா அளவில் ஒரு தகரப் பெட்டி செய்து, காற்று புகப் பக்கவாட்டில் ஓட்டை போட்டு, முன்பக்கம் கால் ரூபாய் அகலத்தில் கண்ணாடி வைத்தேன். பதினைந்து நாளுக்கொரு முறை பழைய காகிதத்தை எடுத்துவிட்டுப் புதிது வைக்க வேண்டும். மாற்றுக் காகிதங்கள் எப்போதும் என் சட்டைப்பையில் எண்ணெய்த்தாளில் சுற்றி இருக்கும். இரண்டு முறை அது பழுப்பேறியதைப் பார்த்து முதலாளி பாதியிலேயே இறங்கினார். இரண்டு முறையும் புகைக்குழாயை இறுக்கிப் பிடிக்கும் கவ்வி தளர்ந்திருந்தது. அதன் பிறகு ஒவ்வொரு வாரமும் கவ்வியை முடுக்குவது என் வேலையாயிற்று.

ஆயுத பூஜை வந்தது. கொட்டகையைக் கழுவி, ஸ்பேனர், சுத்தியல், அரம் எல்லாவற்றையும் வாழையிலையில் பரப்பினேன். விமானத்தின் மூக்குக்கு மாலை. சந்தனத்தைக் குழைத்து, இறக்கை, சக்கரம், உள்ளே இருக்கிற ஒவ்வொரு கடிகாரம் என்று எதையும் விடாமல் பொட்டு வைத்து, மேலே குங்குமம் இட்டேன். கடிகாரங்களுக்கு ஓரத்தில் வைத்தேன், முள்ளை மறைக்கக் கூடாதே என்று. காகிதப் பெட்டிக்கு ஓரம் என்று ஒன்று இல்லை. அதன் கண்ணாடி நடுவில், கண்ணாடியே மறையும்படி, அழகாக, வட்டமாக வைத்தேன். அந்த வட்டம் சரியாக வந்ததில் எனக்கு அன்று ஒரு சந்தோஷம்கூட. மடையன்.

அந்த வாரக் கவ்வி வேலையும் அன்றுதான் வந்தது. பூஜையில் வைத்த ஸ்பேனரை மறுநாள் மறுபூஜை முடியாமல் எடுக்கக் கூடாது. ஒரு நாளில் என்ன ஆகிவிடப் போகிறது என்று விட்டுவிட்டேன். சாயங்காலம் முதலாளி வந்து, ஒதுங்கி நின்று பார்த்து, பொரியும் கடலையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் விஜயதசமி. நான் மறுபூஜைக்குக் கற்பூரம் ஏற்றுவதற்குள் வந்து ஏறி உட்கார்ந்துவிட்டார். பெல்ட்டை மாட்டிக்கொண்டே பெட்டியைப் பார்த்தார். விரல் கண்ணாடி வரைக்கும் போய் நின்றது.

"இத்த மட்டும் தொடச்சிக்கட்டுமா?"

"இன்னிக்கி ஒரு நாள் இருக்கட்டும் மொதலாளி. வெச்ச பொட்ட நாமளா அழிக்கிறது மனசுக்கு நல்லால்ல."

"செரி. உன் சாமி, உன் இஷ்டம்" என்று சிரித்து, விரலை எடுத்துக்கொண்டார்.

திருநின்றவூர் ஏரி வரை போய்த் திரும்புவது அவர் வழக்கம். ஏரிக்கு மேலே இறக்கை சாய்வதை எங்கள் பொட்டலிலிருந்தே பார்க்கலாம். அன்று சாயவில்லை. ஒரு தள்ளாட்டம் கிடையாது, சத்தத்தில் மாற்றம் கிடையாது. நேராகப் போய்க்கொண்டே இருந்தது. போகப்போக மெல்லத் தாழ்ந்தது. நான் பெயர் சொல்லிக் கூப்பிடாத மனிதரை, கேட்காது என்று தெரிந்தும், பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். பிறகு சைக்கிளை எடுத்தேன்.

ஏரிக்கு அந்தப் பக்கம் சேற்றில் இறங்கிக் கிடந்தது விமானம். வயலில் இருந்தவர்கள் அவரை வெளியே எடுத்து வரப்பில் கிடத்தியிருந்தார்கள். செத்தவர் முகம் வெளுத்திருக்கும் என்று நினைத்துப் போனேன். அவர் முகம் குளித்துவிட்டு வந்தவர் முகம் போலச் சிவந்திருந்தது. அந்த வாயு கொன்றவர் முகம் அப்படித்தான் இருக்கும் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். "தூங்கறாப்ல கீறாரே" என்று ஒரு அம்மாள் சொன்னாள்.

எல்லோரும் அவரைச் சுற்றி நின்றார்கள். நான் விமானத்துக்குள் ஏறினேன். பொட்டு உலர்ந்து, அப்படியே இருந்தது. கட்டை விரலால் துடைத்தேன். பின்னால் இருந்த காகிதம் சிலேட்டுக் கறுப்பு. சூடு வரும் துவாரத்தைச் சுற்றிக் கரி படிந்திருக்கிறதா என்று பார்க்கக்கூட நான் குனியவில்லை. கறுத்ததை எடுத்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து புதிதாக ஒன்றை வைத்தேன். இவ்வளவையும் நிதானமாகச் செய்தேன்.

விசாரணைக்கு ஒரு துரை வந்தார். பெட்டியைப் பார்த்தார், காகிதம் வெளுப்பாக இருந்தது. விமானம் விழுந்த வேகத்தில் குழாய் நசுங்கிக் கிடந்ததால் விரிசல் எது, நசுங்கல் எது என்று தெரியவில்லை. என்னைக் கேட்டார். வாயு கசியவில்லை என்றேன். ஓட்டியவர் கவனம் தவறித் தூங்கிவிட்டார் என்று எழுதிக்கொண்டு போனார். காலை ஒன்பது மணிக்குத் தூங்குவானேன் என்று ஊர் யோசித்தது. பட்டணத்துக் கிளப், வெள்ளைக்கார சகவாசம், சிவந்த முகம். குடித்துவிட்டு ஓட்டியிருக்கிறார் என்று பூந்தமல்லி முழுக்கப் பேசினார்கள். வாழ்நாளில் அதைத் தொடாத மனிதர். எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, பெண்டாட்டியிடம்கூட.

யுத்தம் வந்து பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு ஆனதும், பஸ்களின் பின்னால் அடுப்புக்கரி உலை கட்டி அந்த வாயுவில் ஓட்டினார்கள். பூந்தமல்லியில் ஒரு பட்டறையில் அந்த வேலைதான் எனக்குக் கிடைத்தது. அவரைக் கொன்ற அதே வாயு. நாள் முழுக்க அதோடுதான் பிழைப்பு. சில மத்தியானங்களில் தலை கனக்கும்போது நகராமல் அங்கேயே நின்று பார்ப்பேன். யாராவது வந்து இழுத்துவிடுவார்கள். ஆவடியில் பட்டாளம் வந்த பிறகு வானத்தில் விமானம் இல்லாத நாளே இல்லை. ஒவ்வொன்றையும் அது திரும்புகிறவரை பார்த்துக்கொண்டு நிற்பேன். திரும்பு, திரும்பு என்று என் வாய் தானாக முணுமுணுக்கும். மேற்கே நேராகப் போய் மறைகிற விமானம் என்றால் அன்று முழுக்கச் சோறு இறங்காது.

முதலாளி போய் ஆறு வருஷம் கழித்து ஒரு பகலில், துணி மறைப்புக் கட்டிய ஜட்கா ஒன்று பட்டறை வாசலில் நின்றது. முதலாளியின் மனைவி. துணியைக் கொஞ்சம் விலக்கி என்னைக் கூப்பிட்டார்.

"உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு வந்தேன். பூசையன்னிக்கி சாயங்காலம் ஊட்டுக்கு வந்து சொன்னாரு, பொட்டி மேல பொட்டு வெச்சிட்டான்னு. தொடச்சிட்டு ஏறுங்கன்னேன். அவன் மனசு நோவுமேன்னாரு. அன்னிக்கி காத்தால அத்த தொடச்சாரா?"

பொய் தயாராகத்தான் இருந்தது. ஆறு வருஷப் பழக்கம். ஆனால் முதலாளி சொன்ன அந்த ஒரு வார்த்தை, என் மனசு நோகும் என்று வீட்டில் போய்ச் சொன்னது, எனக்கு அதுவரை தெரியாது.

"தொடைக்கலம்மா. கேட்டாரு. நான்தான் வாணாம்னேன்."

"அப்ப அந்தக் காயிதம் வெளுப்பா இருந்துச்சுன்னாங்களே?"

"கறுத்து இருந்துச்சு. நான்தான் எடுத்துட்டு வேற வெச்சேன்."

அழுவார், சபிப்பார் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். நிமிர்ந்து பார்த்தேன். ஜட்காவின் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அவரு குடிக்கல" என்றார். பிறகு, என்னிடம் இல்லாமல் தனக்குத்தானே சொல்வதுபோல, "உங்க அத்தா மாரி குடிச்சிக் கெட்டுப் பூடாதீங்கன்னு சொல்லிச் சொல்லியே பசங்கள வளத்துட்டேனே" என்றார். துணியை இழுத்துவிட்டுக்கொண்டு, பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரமாயிற்று, சீக்கிரம் ஓட்டு என்று வண்டிக்காரரிடம் சொன்னார்.