நர்ஸம்மாவின் மதியத் தூக்கம்

இதைக் கேட்டவர்களில் பாதிப் பேர் சிரித்தார்கள். சிரிக்கட்டும். அவர்களில் ஒருவர்கூட அந்த வீட்டு முன்னறையில் தனியாக ஒரு மதியம் உட்கார்ந்து பார்த்ததில்லை. நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். கண், காது, மூக்கு எதுவும் வைக்கவில்லை. பேய் என்றால் நடுராத்திரி, கும்மிருட்டு என்றுதான் எல்லோருக்கும் நினைப்பு. இது பட்டப்பகலில் நடந்தது. வெயில் சுள்ளென்று அடிக்கும்போது, எதிர்க்கடையில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது நடந்தது.

தெருவில் அவளுக்கு நர்ஸம்மா என்றுதான் பெயர். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவள். அதில் பெரும்பகுதி நைட் டியூட்டி. அதுவும், இனி வீட்டுக்குத் திரும்ப மாட்டார்கள் என்று டாக்டர்கள் கைவிட்டவர்களைப் படுக்க வைக்கும் வார்டு. ராத்திரி முழுக்க அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுக் காலையில் வீடு திரும்புவாள். சமைப்பாள், துவைப்பாள், மதியம் சாப்பிட்டுவிட்டுக் கட்டையைச் சாய்ப்பாள். நாலு மணிவரை அடித்துப் போட்டதுபோல் தூக்கம்.

அந்தத் தூக்கத்துக்குக் காவல் அவள் புருஷன். அவர் பஸ் கண்டக்டர். எப்போதும் முதல் பஸ் டியூட்டிதான் கேட்டு வாங்குவார், மதியம் வீட்டில் இருக்க வேண்டும் என்பதற்காக. காலிங்பெல் ஒயரை அவரே பிடுங்கிப் போட்டார். வாசலை ஒட்டி நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். யாராவது கேட்டைத் தொட்டாலே எழுந்து போய், தணிந்த குரலில், "அவ தூங்குறா, அப்புறம் வாங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவார். "உள்ள போங்க, உள்ள போங்க"ன்னு வாழ்நாள் பூரா கத்தின மனுஷன், வீட்டு வாசல்ல மட்டும் ஒருத்தரையும் உள்ளே விட மாட்டேங்கிறார் என்று அவள் கேலி செய்வாள்.

இருவரும் ஓய்வு பெற்றார்கள். மகன் வேறு ஊரில் வேலை, குடும்பம் என்று போய்விட்டான். நைட் டியூட்டி போய்விட்டது, மதியத் தூக்கம் மட்டும் போகவில்லை. அவரும் நாற்காலியை விட்டு நகரவில்லை.

அந்த நாற்காலியில்தான் அவர் உயிர் போனது. நாலு மணிக்கு எழுந்து இரண்டு டம்ளரில் டீ போட்டு எடுத்து வந்தவள், அவர் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள். நாடி பிடித்துப் பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். யார் யாருக்கோ கடைசி மூச்சுவரை பக்கத்தில் இருந்தவள், தன் புருஷனுக்கு மட்டும் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

வந்தவர்கள் எல்லாம் போனபிறகு வீடு பெரிதாகிவிட்டது.

ஒரு ஆளுக்குச் சமைக்கக் கைக்கு அளவு வரவில்லை. மிஞ்சியதை மறுநாளும் சாப்பிட்டாள். பிறகு ஒரு வேளைச் சமையலையே நிறுத்தினாள். பேச்சுக் குரல் கேட்கவேண்டும் என்பதற்காக டிவியை ஓடவிட்டாள், பார்க்கவில்லை. இதுவரை கைவைக்காத வேலைகள் எல்லாம் அவள் தலையில் விழுந்தன. பல்பு மாற்றுவது, தண்ணீர் மோட்டார் போடுவது, ராத்திரி எல்லாத் தாழ்ப்பாளும் போடுவது. போட்டுவிட்டுப் படுத்தால் போட்டோமா என்று சந்தேகம் வரும். எழுந்து போய்ப் பார்ப்பாள். மறுபடி படுப்பாள். மறுபடி எழுவாள்.

மதியத் தூக்கம் அடியோடு போய்விட்டது. கட்டிலில் படுத்தால் கண் மூடாது. கடைசியில் எழுந்து வந்து அவருடைய நாற்காலியிலேயே உட்கார ஆரம்பித்தாள்.

அதாவது, கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டின் மதியத்தை அவள் பார்த்ததே இல்லை. இப்போதுதான் பார்க்கிறாள்.

முதல் நாள் கேட் சத்தம் கேட்டது. இரும்புக் கொண்டியைத் தூக்குகிற சத்தம். க்ளக்.

யாரோ வருகிறார்கள் என்று காத்திருந்தாள். காலடிச் சத்தம் வரவில்லை. எழுந்து கம்பிக் கதவு வழியாகப் பார்த்தாள். கேட் மூடித்தான் இருந்தது. கொண்டி போட்டபடி. எதிர்க்கடையில் டெய்லர் குனிந்து தைத்துக்கொண்டிருந்தார். தெருவில் ஒரு நாய்கூட இல்லை.

மறுநாளும் அதே நேரம். க்ளக். அதன் பிறகு கம்பிக் கதவில் மெல்லத் தட்டுகிற சத்தம்.

டிங்... டிங்... டிங்...

அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். அவளுடைய வார்டில் பெல் கிடையாது. ராத்திரியில் நர்ஸைக் கூப்பிட வேண்டுமானால் நோயாளிகள் ஸ்பூனால் கட்டில் கம்பியில் தட்டுவார்கள். கூப்பிடக் குரல் எழும்பாதவர்கள். விடியும்வரை தாங்க மாட்டார்கள் என்று அவளுக்கே தெரிந்தவர்கள். அந்தச் சத்தம் கேட்டால் அவள் கால் தானாக நடக்கும். இப்போதும் நடந்தது. கதவுவரை போய்விட்டாள்.

வாசலில் யாரும் இல்லை.

அன்று சாயங்காலம் மகனுக்குப் போன் செய்தாள்.

"அம்மா, நீங்க சரியா தூங்குறதில்ல. அதான். டாக்டர்கிட்ட சொல்லி மாத்திரை வாங்கிப் போடுங்க."

"மாத்திரை எனக்குத் தெரியாதாடா? ஆயிரம் பேருக்குக் கொடுத்தவ நான்."

"பின்ன என்னம்மா? லீவு கிடைச்சதும் வரேன்."

லீவு எப்போது கிடைக்கும் என்று அவளும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

மூன்றாவது நாள் மரக்கதவையும் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தாள். கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டே கால்.

டிவி ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் சத்தம் நின்றுவிட்டது.

க்ளக்.

டிங்... டிங்... டிங்...

அப்புறம் ஒரு குரல். பெண் குரல். கோபம் இல்லை, அவசரம் இல்லை. தினமும் வந்துபோகிற ஒருத்தி கேட்பதுபோலச் சாதாரணமான குரல்.

"இருக்காங்களா?"

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏன் பதில் சொல்லவில்லை என்று அவளுக்கே தெரியாது. வாயைத் திறக்காதே என்று உள்ளே ஏதோ சொன்னது.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அந்தக் குரல்.

"தூங்குறாங்களா?"

கேட்டுவிட்டு நின்றது. போன சத்தம் இல்லை. டிவி மறுபடி தானாகக் கத்த ஆரம்பித்தபோதுதான், போய்விட்டது என்று அவளுக்குத் தெரிந்தது.

அடுத்த நாள் எங்காவது போய்விடலாம் என்றுதான் நினைத்தாள். புடவைகூட மாற்றிவிட்டாள். ஆனால் வாசலைத் தாண்டக் கால் எழவில்லை. வெளியே போகும்போது எதிரில் வந்துவிட்டால்? நாற்காலியில் உட்கார்ந்தாள். மனசுக்குள் ஒரே ஒரு யோசனைதான் ஓடியது. அவர் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்?

டிங்... டிங்... டிங்...

"தூங்குறாங்களா?"

தொண்டையைச் செருமிக்கொண்டாள். குரலைத் தணித்து, அவர் சொல்வதுபோலவே சொன்னாள்.

"அவ தூங்குறா. அப்புறம் வாங்க."



மரக்கதவின் அடியில் ஒரு விரல்கடை இடைவெளி. அதன் வழியாக வெயில் ஒரு கோடாக உள்ளே விழுந்திருந்தது. அவள் அந்தக் கோட்டையே பார்த்தாள். கதவுக்கு வெளியே ஆள் நின்றால் அதில் நிழல் விழ வேண்டும்.

நிழல் இல்லை.

"இது உங்க குரல்தானே?" என்றது வெளியே நின்றது.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நீங்கதானே பேசுறீங்க...?"

அப்புறம் எதுவும் இல்லை.

ஒரு நிமிஷம் போனது. இரண்டு நிமிஷம்.

போய்விட்டதா?

டிங்...

அவள் கழுத்து மெல்லத் திரும்பியது.

டிங்...

சத்தம் வாசலிலிருந்து வரவில்லை.

டிங்...

படுக்கையறையிலிருந்து. அவள் கட்டிலிலிருந்து.

அவள் கட்டில் மரக்கட்டில்.

எப்படித் தாழ்ப்பாளைத் திறந்தாள், எப்படித் தெருவுக்கு வந்தாள் என்று அவளுக்கு நினைவில்லை. காலில் செருப்பு இல்லை. கையில் கைப்பை மட்டும் இருந்தது. அப்படியே பஸ் ஏறி, ஊரின் மறுகோடியில் இருந்த நாத்தனார் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். அவர் கூடப் பிறந்த தங்கை. அவளும் புருஷனை இழந்து தனியாக இருப்பவள்.

"அண்ணி, ஒண்ணும் பேசாதீங்க. முதல்ல சாப்பிடுங்க" என்றாள் நாத்தனார்.

அங்கே போனபிறகு நிலைமை சீரானது. இருவருமாகச் சேர்ந்து காய் நறுக்கினார்கள். சாயங்காலம் மார்க்கெட் போனார்கள். நாத்தனாருக்கு வாய் ஓயாது. அது அப்போது அவளுக்கு மருந்தாக இருந்தது. அவள் வந்திருப்பது மகனைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. மெல்ல மெல்லப் பசி திரும்பியது. இரண்டு வாரம் போனபிறகு, ஒரு மதியம், சாப்பிட்டுவிட்டுச் சும்மா சாய்ந்தவளுக்குக் கண் சொருகியது.

அவர் போனபிறகு அதுதான் முதல் மதியத் தூக்கம். கனவுகூட இல்லாத தூக்கம்.

கண் விழித்தபோது மணி நாலு.

கட்டிலின் தலைமாட்டில் ஒரு நாற்காலி இருந்தது.

படுக்கும்போது அது அங்கே இல்லை. கூடத்து நாற்காலி அது. அவள் முகத்தைப் பார்த்தபடி, கட்டிலோடு ஒட்டிப் போடப்பட்டிருந்தது. மரணப் படுக்கைகளுக்குப் பக்கத்தில் அவள் எத்தனையோ ராத்திரி அதே மாதிரிதான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"இதை யாரு இங்க போட்டது?"

சமையலறையிலிருந்து நாத்தனார் எட்டிப் பார்த்தாள். முகத்தில் சிரிப்பு.

"நான்தான் அண்ணி. உங்களைத் தேடி ஒரு அம்மா வந்தாங்க. ஆஸ்பத்திரிப் பழக்கம்னாங்க. நீங்க தூங்குறீங்கன்னு சொன்னேன்..."

"போயிட்டாங்களா?"

"எழுப்ப வேண்டாம், கொஞ்ச நேரம் பக்கத்துல உட்கார்ந்துட்டுப் போறேன்னாங்க. பாவமா இருந்துது. அதான் நாற்காலி போட்டுக் கொடுத்தேன்."

"...எவ்வளவு நேரம்?"

"இப்பத்தான் கிளம்பினாங்க. ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பாங்க. அசையாம உங்க முகத்தையே பார்த்துட்டு இருந்தாங்க."

"ஆளு எப்படி இருந்தாங்க?"

நாத்தனார் சொல்ல வாயெடுத்தாள். நின்றாள். யோசித்தாள். அவள் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல வடிந்தது.

"என்னன்னு தெரியல அண்ணி... முகம் ஞாபகத்துக்கே வரல."

அன்றிலிருந்து நர்ஸம்மா மதிய நேரத்தில் எந்த வீட்டுக்குள்ளும் இருப்பதில்லை. பன்னிரண்டு மணிக்கே கிளம்பிவிடுவாள். பஸ் நிலையம், கடைத்தெரு, நூலகம், எங்கே கூட்டம் இருக்கிறதோ அங்கே போய் உட்கார்ந்துகொள்வாள். கண் சொருகினால் தொடையைக் கிள்ளிக்கொள்வாள். புருஷன் போனதும் இவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை, ஊர் சுற்றுகிறாள் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். மகனும் போனில் ஜாடைமாடையாகக் கேட்டான். என்னவென்று சொல்வது?

போன மாதம் வீட்டை வாங்க ஆள் வந்தது. சாமான்களை எடுப்பதற்காக, ஒரு காலை நேரத்தில், வண்டியோடு போனாள். எல்லாம் ஏற்றி முடித்தபோது எதிர்க்கடை டெய்லர் வந்து நின்றார். ஏதோ சொல்ல வந்து தயங்குவது தெரிந்தது.

"என்னப்பா?"

"ஒண்ணு கேக்கணும்க்கா. தப்பா நினைக்காதீங்க. சார் மதியத்துல வாசல்ல நின்னு பேசுவாரே... அது யார்கிட்ட?"

"யாராவது வந்திருப்பாங்க."

"இல்லக்கா. எதிர்ல ஆளே இருக்காது. நான் போன்ல பேசுறாருன்னுதான் நினைச்சேன். ஆனா கையில போன் இருக்காது. அவ தூங்குறா, அப்புறம் வாங்கன்னு சொல்லிட்டு உள்ள போயிடுவாரு. தினமும் இதேதான்."



"எத்தனை நாளா?"

"நான் இங்க கடை போட்ட நாள்லேர்ந்து பார்க்கிறேன். ஒம்பது வருஷம் ஆச்சு."

வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"கடைசி நாள் மட்டும் வேற மாதிரி பேசினாருக்கா" என்றார் டெய்லர். "கெஞ்சினாரு. சார் கெஞ்சி நான் பார்த்ததே இல்ல. அவளை விட்டுடுங்க, அவளுக்குப் பதிலா நான் வரேன்... அப்படின்னு சொன்னாரு. எனக்குக் கை ஓடல. மெஷினை நிறுத்திட்டேன். அப்பத்தான்..."

"அப்பத்தான் என்ன?"

"அத்தனை வருஷத்துல அன்னைக்குத்தான் எதிர்ப்பக்கத்துலேர்ந்து பதில் வந்துது. நல்லாக் கேட்டுதுக்கா. பொம்பளைக் குரல்."

"என்ன சொல்லிச்சு?"

டெய்லர் பூட்டிய வீட்டை ஒருமுறை பார்த்துக்கொண்டார். குரல் இறங்கிவிட்டது.

"சரி... முதல்ல நீங்க வாங்கன்னு சொல்லிச்சு."