ஹரிபாபு வீட்டுக் கேமராவின் எண்

சிவசங்கரிக்கு மதியச் சாப்பாட்டு நேரம் அரை மணிதான். அதில் முதல் ஐந்து நிமிஷம் சோற்றுக்குச் சேராது. ஒரு மணிக்கு மணி அடித்ததும் தொப்பியைக்கூடக் கழற்றாமல் லாக்கருக்கு ஓடுவாள். லைனுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பது சத்தியவேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த அந்த எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையின் விதி. போனை எடுத்து, நாற்பது நிமிஷ பஸ் தூரத்தில் இருக்கும் தன் வீட்டைத் திறந்து பார்ப்பாள். திரையில் கட்டில் தெரியும். கட்டிலில் அவள் புருஷன் ஹரிபாபு கால்மேல் கால் போட்டுப் படுத்திருப்பான். கால் அசைந்தால் போதும், போனை உள்ளே வைத்துவிட்டுச் சாப்பிடப் போவாள்.

அன்று கால் அசையவில்லை. காலே தெரியவில்லை. திரையில் ஒரு வட்டம் சுற்றிச் சுற்றி, கடைசியில் தொடர்பு கிடைக்கவில்லை என்று வந்தது. மறுபடி அழுத்தினாள். மறுபடி வட்டம். ஹரிபாபுவுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பொன்னியம்மாவுக்குப் போட்டாள். அவள் நாகலாபுரம் சந்தையில் இருந்தாள்.

அதற்கு மூன்று வருஷம் முன்புவரை அந்த வீட்டில் சம்பாதித்தது ஹரிபாபுதான். நாகலாபுரம் பக்கத்து ஊர்களிலிருந்து பெங்களூருக்கு டைல்ஸ் ஒட்டப் போன கூட்டத்தில் அவனும் ஒருவன். அடுக்குமாடி வேலை ஒன்றில் சாரத்திலிருந்து விழுந்தான். தலையில் அடி. திருப்பதியில் ஆபரேஷன் நடந்து உயிர் மீண்டது. ஆனால் வலிப்பு வந்து ஒட்டிக்கொண்டது. வாரத்தில் ஒரு முறை வரும், சில சமயம் மாதம் முழுக்க வராது. வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், ஐந்து நிமிஷத்துக்குமேல் நிற்காவிட்டால் உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த ஐந்து நிமிஷம் சங்கரியின் மண்டைக்குள் கடிகாரம்போல ஓடிக்கொண்டிருந்தது. இருவர் மட்டும் வாழும் வீடு. ஒருவர் வேலைக்குப் போயே ஆக வேண்டும்.

ஒரு நாள் அவள் வேலை முடிந்து வந்தபோது ஹரிபாபு அடுப்படியில் கிடந்தான். வலது முழங்கை வெந்து தோல் சுருண்டிருந்தது. எப்போது விழுந்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. அடுத்த வாரமே சங்கரி வீட்டுக்கு டெலிபோன் லைனும் இன்டர்நெட்டும் வாங்கினாள். புத்தூர் கடையிலிருந்து வேதாச்சலம் என்பவர் வந்து கேமராவை மாட்டி, சங்கரியின் போனில் எதையோ போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். மதியம் ஒருமுறை எட்டிப் பார்க்கிறேன் என்ற பொன்னியம்மாவுக்கு நன்றியாக வைஃபை பாஸ்வேர்டையும் சொல்லி வைத்தாள். பொன்னியம்மா வீட்டில் நாலு போன்.

எட்டு நாள் படம் ஒழுங்காக வந்தது. ஒன்பதாவது நாள்தான் அந்த வட்டம்.

காய்ச்சல் என்று சொல்லி கேட் பாஸ் வாங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து, வழியெல்லாம் போன் போட்டுக்கொண்டே வந்தாள். வீட்டு வாசலில் ஹரிபாபு சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுச் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான்.

"இன்னா இந்நேரத்துக்கே வந்துட்ட?"

"போன் ஏன் எடுக்கல நீங்க?"

"உள்ள கெடக்குது. இப்பதான் கரண்ட் போய் வந்துச்சு, சார்ஜ் போட்டேன்."

அவளுக்கு அழுகை முட்டியது. அவனுக்குக் கோபம் வந்தது. "செத்துட்டேன்னு ஓடியாந்தியா?" என்றான்.

வேதாச்சலத்தைக் கூப்பிட்டார்கள். வந்தார், பத்து நிமிஷம் எதையோ தட்டினார், படம் வந்தது, போனார். அடுத்த வாரம் கரண்ட் இரண்டு நிமிஷம் போய் வந்ததும் மறுபடி வட்டம். மறுபடி ஓட்டம். மூன்றாவது தடவை கேட் பாஸ் கேட்டபோது சூப்பர்வைசர், "ஏம்மா, தினம் ஒரு காய்ச்சலா? இன்னொரு தடவை போனா அப்படியே வீட்லயே இருந்துக்கோ" என்றார். அதன்பின் வட்டம் வந்தால் சங்கரி ஓடவில்லை. லைனில் நின்று கை வேலை செய்தாலும், மனசு மட்டும் அடுப்படிக்கும் கட்டிலுக்கும் ஓடிக்கொண்டிருந்தது. ஒரே மாதத்தில் இரண்டு போர்டுகளில் தவறான பாகத்தைப் பொருத்திவிட்டாள்.

ஒரு நாள் தொழிற்சாலையிலேயே கரண்ட் போய் வந்தது. லைன் மெஷின்கள் ஒவ்வொன்றாக விழித்தன. பக்கத்துக் கண்ணாடி அறையின் கம்ப்யூட்டரில் பச்சை விளக்குகள் பழைய இடத்திலேயே வரிசையாக வந்து நின்றன. ஒன்றுகூட இடம் மாறவில்லை. ஒவ்வொரு மெஷினின் வயிற்றிலும் புள்ளி வைத்த ஒரு நீள எண் ஒட்டியிருப்பதை அவள் தினமும் பார்க்கிறாள். அன்றுதான் அது என்ன என்று தோன்றியது. மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் பவன்குமாரிடம் கேட்டாள். பலமனேர்க்காரன், சித்தூரில் பாலிடெக்னிக் படித்தவன், தெலுங்கு கலந்த தமிழ் பேசுவான்.

"அது அட்ரஸ் அக்கா. ஒவ்வொரு மெஷினுக்கும் நாமளே எழுதிப் போட்டது. கரண்ட் போனாலும் மாறாது. எந்துக்கு, ஏன் கேக்குறீங்க?"

அவள் கேமரா கதையைச் சொன்னாள். கேட்டுக்கொண்டே அவன் தலையாட்டினான்.

"உங்க ஊட்ல ரௌட்டர் இருக்கில்ல, வைஃபை பெட்டி, அதுதான் எல்லாருக்கும் நம்பர் குடுக்குது. கரண்ட் வந்ததும் யாரு மொதல்ல கேக்குறாங்களோ அவங்களுக்கு மொதல் நம்பர். நேத்து கேமராவுக்கு மூணு. இன்னிக்கு பக்கத்து ஊட்டு போன் முந்திக்கிட்டா அதுக்கு மூணு, கேமராவுக்கு ஆறு. நீங்க வெளியிலேர்ந்து வந்து மூணாம் நம்பர் கதவத்தான் தட்டுறீங்க. அங்க கேமரா இல்ல. அர்த்தமய்யிந்தா அக்கா, புரியுதா?"

"அப்ப வேதாச்சலம் வந்து இன்னா பண்றாரு?"

"கதவு நம்பர மாத்திட்டுப் போறாரு. கேமராவுக்கு நிரந்தரமா ஒரு நம்பர் குடுக்கணும்."

ஒரு அட்டைத் துண்டில் எழுதிக் கொடுத்தான். முதல் வரியில் 192.168.1.200, கேமராவுக்கு. அடுத்து 255.255.255.0, அதை அப்படியே போட வேண்டும். கடைசியில் 192.168.1.1, அது ரௌட்டருடையது. ரௌட்டர் தானாகக் கொடுக்கும் எண்கள் நூறோடு நின்றுவிடும், இருநூறை யாரும் எடுக்க மாட்டார்கள் என்றான். கேமராவில் போட்டு முடித்ததும் ரௌட்டர் பக்கத்திலும் மூன்றை எடுத்துவிட்டு இருநூறு என்று மாற்ற வேண்டும். ஒரு எண் தப்பினாலும் கேமரா எங்கே போனது என்றே தெரியாது; அப்போது அடியிலிருக்கும் ஓட்டையில் ஊசியை விட்டுப் பத்து எண்ணும்வரை அழுத்தி, முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை சங்கரி போனையும் அட்டையையும் எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். ஹரிபாபு பின்னால் கட்டிலில் உட்கார்ந்து அவள் தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தான். போனில் கேமராவின் பக்கத்தைத் திறந்தாள். எல்லாம் இங்கிலீஷ் எழுத்து. இன்டர், அதாவது பிளஸ் டூ வரை படித்தவள்தான், இருந்தும் ஒவ்வொரு சொல்லாகத்தான் படிக்க முடிந்தது. கட்டம் கட்டமாகப் போட்டாள். ஒவ்வொரு எண்ணையும் வாய்விட்டுப் படித்தாள். சேமி என்பதை அழுத்தினாள்.

படம் போய்விட்டது.

காத்திருந்தாள். புது எண்ணைப் போட்டுத் தட்டினாள். எதுவும் வரவில்லை. பழைய எண்ணைப் போட்டுப் பார்த்தாள், அதிலும் இல்லை. நாளை திங்கட்கிழமை. நாளையிலிருந்து கரண்ட் போகாமலே அவளுக்குக் கண் இல்லை. "கெடுத்துட்டேன், நானே கெடுத்துட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

ஹரிபாபு சுவரைப் பார்த்தபடி சொன்னான்.

"ஒண்ணு போடுற எடத்துல பதினொண்ணு போட்டுட்ட. மூணாவது கட்டத்துல."

அவள் திரும்பினாள். "பார்த்தீங்களா?"

"பார்த்துக்கினுதான் இருந்தேன்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னுதான் சொல்லல."

சங்கரி போனைக் கீழே வைத்தாள். அவனிடம் இதுவரை கோபத்தைத்தான் பார்த்திருக்கிறாள். இது கோபம் இல்லை.

"பெங்களூர் சைட்ல கேமரா வச்சிருந்தாங்க," என்றான் அவன். "ஒருத்தன் பீடி பத்த வச்சா மேஸ்திரி போன்ல கத்துவான். நான் விழுந்தது கூட அதுல கீதாம். யாரோ எனக்கே காட்டுனான், ஆஸ்பத்திரில. இப்ப என் ஊட்லயும். லுங்கி மாத்தணும்னா மூலைக்குப் போறேன். படுத்தா காலை ஆட்டணும், இல்லாட்டி நீ ஓடியாந்துடுவ. நான் இன்னா காட்சிக்கு வச்ச பொருளா சங்கரி?"

அவன் கால்மேல் கால் போட்டு ஆட்டுவது தனக்காகத்தான் என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. தன் பயத்தை அப்படியே எடுத்து வைத்தாள். வட்டம் சுற்றும்போது அடுப்படியும் கட்டிலும் எப்படிக் கண்முன் வருகின்றன, ஆட்டோவில் வரும்போது எந்தெந்த இடத்தில் அவனைப் பிணமாகப் பார்த்துவிடுகிறாள், சூப்பர்வைசர் என்ன சொன்னார், எல்லாம். இதையெல்லாம் அவனிடம் அவள் முன்பு சொன்னதில்லை. நோயாளியிடம் சொல்லக் கூடாது என்று நினைத்திருந்தாள்.

ஹரிபாபு எழுந்து கேமராவைச் சுவரிலிருந்து கழற்றினான். அவள் பதறினாள். அவன் அதைத் திருப்பி, கதவோரம் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியைப் பார்க்கும்படி பிடித்துக் காட்டினான்.

"நீ எத்தன தடவ பார்ப்ப?"

"பத்தரைக்கு டீ. ஒரு மணிக்கு. அப்புறம் மூணரைக்கு."

"அந்த மூணு நேரமும் நான் இந்த நாற்காலில வந்து உக்காந்துக்கினு இருப்பேன். மத்த நேரம் அது காலி நாற்காலியப் பார்க்கட்டும். நான் இல்லாட்டி நீ ஒரு போன் போடு. எடுக்கலன்னா பொன்னியம்மாவ அனுப்பு. நீ ஓடி வர வேணாம்."

"படம் வராம போச்சுன்னா?"

"அதுக்குத்தானே இந்த நம்பர். ஊசி எங்க?"

இந்த முறை அவன் அட்டையைப் பார்த்துப் படித்தான், அவள் போட்டாள். மூன்றாவது கட்டம் வந்ததும் "ஒத்த ஒண்ணு" என்று அழுத்திச் சொன்னான். ரௌட்டரிலும் இருநூறு என்று மாற்றினார்கள். பிறகு ஹரிபாபு மெயினை அணைத்தான். பொன்னியம்மா வீட்டிலிருக்கும் நாலு போன்களும் முதலில் ஏறட்டும் என்று, ரௌட்டரைப் போட்டுக் கொஞ்சம் பொறுத்து, கடைசியில்தான் கேமராவுக்குக் கரண்ட் விட்டான். சங்கரி வைஃபையை அணைத்துவிட்டுத் தெருமுனை வரை நடந்து போய், சிம் டேட்டாவில் திறந்தாள். வட்டம் சுற்றியது. நாற்காலி வந்தது. அதில் ஹரிபாபு விறைப்பாக, போட்டோ எடுக்க உட்கார்ந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

இரண்டு மாதம் அப்படியே போனது. கரண்ட் போனது, வந்தது; எண் மாறவில்லை. பத்தரைக்கும் ஒரு மணிக்கும் மூன்றரைக்கும் அவன் இருந்தான். ஆனாலும் ஒவ்வொரு முறையும் வட்டம் சுற்றும் அந்த நாலு விநாடியையும் அவள் எண்ணிக்கொண்டே இருப்பாள்.

ஆடி மாதம் ஒரு வியாழக்கிழமை, மூன்றரை மணி. படம் தெளிவாக வந்தது. நாற்காலி காலி.

போன் போட்டாள். எடுக்கவில்லை. பொன்னியம்மா இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். "நாற்காலில இல்லக்கா" என்றாள் சங்கரி. திரையில் பொன்னியம்மா வாசல் வழியாக ஓடி வந்து, நாற்காலியை இடித்துத் தள்ளிக்கொண்டு பின்பக்கம் போவது தெரிந்தது. அதன்பின் கவிழ்ந்த நாற்காலி மட்டும். எவ்வளவு நேரம் என்று சங்கரிக்குத் தெரியாது. லாக்கர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தண்ணித் தொட்டிகிட்ட கெடந்தான்டி," பொன்னியம்மாவின் குரல் மேல்மூச்சு வாங்கியது. "ஒருக்களிச்சுப் போட்டுட்டேன். நுரை தள்ளுது. இன்னும் நிக்கல. ஆம்புலன்சுக்குச் சொல்லிட்டான் என் மவன்."

சங்கரி சூப்பர்வைசரிடம் போனாள். இந்த முறை காய்ச்சல் என்று சொல்லவில்லை. புருஷனுக்கு என்ன நோய், எதற்காக மூன்று வேளையும் லாக்கருக்கு ஓடுகிறாள் என்று சொன்னாள். அவர் பாஸில் கையெழுத்துப் போட்டார். திருப்பதி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவள் இறங்கும்வரை வெளியே என்ன இருந்தது என்று பார்க்கவில்லை.

வார்டில் ஹரிபாபு கண் திறந்திருந்தான். நாக்கு கடிபட்டு வீங்கியிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் மல்லாந்து கிடந்திருந்தால் மூச்சு அடைத்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். பழைய மாத்திரையை நிறுத்தி வேறு எழுதினார். அவர் போனதும் ஹரிபாபு சிரமப்பட்டுப் பேசினான்.

"நாற்காலிக்குத்தான் வந்துக்கினு இருந்தேன். மூஞ்சி கழுவிட்டு வரலாம்னு…"

"தெரியும். பேசாதீங்க" என்று அவன் வாயைத் துடைத்துவிட்டாள்.

புது மாத்திரையில் வலிப்பு குறைந்தது, அடியோடு போகவில்லை. சங்கரிக்கு வேலை போகவில்லை. ஐப்பசியில் இடி விழுந்து ரௌட்டர் கருகியபோது மூன்று நாள் அவள் படம் இல்லாமல் வேலைக்குப் போனாள். பொன்னியம்மாவுக்கு மணிக்கு ஒரு போன். நாலாவது நாள் புதிய பெட்டி வருவதாக இருந்தது. சாயங்காலம் வந்து தானே எண்ணைப் போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். மூன்றரைக்குச் சும்மா திறந்து பார்த்தாள். படம் வந்தது. ஹரிபாபு அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, சரியாக வருகிறதா என்று கேமராவை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.